காலிப் பெட்டிக்குள் கேட்ட தட்டல்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. 1974 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, மாலை நாலு பத்து. நல்ல வெயில்.

ஸ்லோவேனியாவில், என் மனைவி தில்காவின் வீட்டில் பன்னிரண்டு தேனீப் பெட்டிகள் இருந்தன. அவளுடைய அப்பா யெர்னே வளர்த்தவை. தினமும் மாதா கோயில் பூசைக்குப் போகிற மனிதர். போர் நடந்த 1942 ஜூலையில், காட்டிலிருந்து வந்த பார்ட்டிசான்கள் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் துரோகி என்று சொல்லி அவரை இழுத்துப் போனார்கள். உடலும் வரவில்லை, தகவலும் இல்லை. பிறகு அவர்கள் ஆட்சியே வந்துவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது?

தேனீ வளர்த்தவர் இறந்தால் வீட்டார் பெட்டியை மூன்று முறை தட்டி, தேனீக்களிடம் சொல்ல வேண்டும். இது எங்கள் ஊர் வழக்கம். சொல்லாவிட்டால் அவை தங்காது. மாமியார் சொல்லவே இல்லை. "பொணத்தப் பாக்காம எப்படிச் சொல்றது?" என்பார்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபின் அவற்றோடு ஆறு வருடம் மாரடித்தேன். புது ராணித் தேனீ, சர்க்கரைத் தண்ணீர்... எதுவும் பலிக்கவில்லை. ஒவ்வொரு ஜூலையிலும் பறந்துவிடும். கடைசியில் தேனீ மிச்சமிருந்தது ஒரே பெட்டியில். பக்கத்து வீட்டு லோவ்ரோ வேலியில் சாய்ந்துகொண்டு, "தேனீக்கும் உன்னப் புடிக்கலயா மாப்ள?" என்பார்.

அன்று எரிச்சல் தலைக்கேறியது. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். அந்தக் கடைசிப் பெட்டியை மூன்று முறை தட்டினேன்.

"யெர்னே செத்துட்டார்."

ரீங்காரம் சட்டென நின்றது.

டக்... டக்... டக்.

முதல் பெட்டி. காலிப் பெட்டி. திறந்தேன். ஒட்டடை மட்டும்.

டக்... டக்... டக்.

இரண்டாவது.

மூன்றாவது...

என்னை நோக்கி வந்தது.

வேலியருகே லோவ்ரோ. கடவுளே இல்லை என்கிற கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று இருட்டுவதற்குள் கடைசிக் கூட்டமும் காட்டுப் பக்கம் பறந்துவிட்டது.

பதினொரு வருடம் கழித்து, சாகக் கிடந்த லோவ்ரோ என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் மாமனார உசிரோடதான் பாறைக் குழிக்குள்ள தள்ளினாங்க மாப்ள. ரெண்டு நாள் கல்லால தட்டிட்டே இருந்தார். மூணு மூணா. மாடு மேய்க்கப் போனப்ப கேட்டேன். ஒரு தடவ நானும் மேலருந்து மூணு தட்டு தட்டினேன். ஆள் வந்துட்டாங்கன்னு நெனச்சிருப்பார்... பயந்து ஓடி வந்துட்டேன்."

எந்தக் குழி என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் இறந்தும் போனார்.

அன்று நானும் மூன்று முறைதான் தட்டினேன்.