தங்கமணி அக்காவுக்கு வைத்த பேனர்

ஒரு வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கமணி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடிந்திருந்தது. வலது பக்கம் தொடங்கவில்லை. "மாமா, அம்மா போயிட்டாங்க. காப்பி குடிச்சுட்டு சேர்ல சாஞ்சாங்க, அவ்வளவுதானுங்க" என்று அக்காவின் மகள் கவிதா போனில் சொன்னாள். பிரஷ்ஷை வைத்தது எங்கே, சட்டை மாட்டியது எப்போது என்று நினைவில்லை. நாமக்கல்லில் மோகனூர் ரோட்டிலிருக்கும் அக்கா வீட்டு வாசலில் போய் இறங்கியபோது பாதி மீசை கறுப்பு, பாதி மீசை நரை. பந்தலுக்குக் கீழே இருந்த உறவுக்கார அம்மாள் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது: "இவரும் நம்ம தங்கமணியோட சேர்ந்து படம் பாக்கப் போறவராட்டம் இருக்குது. மீசையவே அப்பிடி வெச்சிருக்காரு பாரு."

அக்காவை அறிந்த உங்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அவரைப் பற்றி அவருடைய சொந்தக்காரர்கள் வைத்திருந்த கருத்து அதுதான். புருஷன் விட்டுப்போன லாரி புக்கிங் ஆபீசை ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்த கெட்டிக்காரி. ஆனால் படம், பொம்மை என்று வந்துவிட்டால் கொஞ்சம் கழன்ற கேஸ். அவருக்கு ஒரு நேர்கோடு போட வராது. பார்க்கத்தான் தெரியும். இன்றைக்கு வரைகிறவர்கள், செதுக்குகிறவர்கள், விசித்திரமாக நாற்காலி செய்கிறவர்கள், எவர் எந்த ஊரில் இருந்தாலும் போனில் தேடிப் பிடித்து, "நான் நாமக்கல்ல இருந்து பேசறனுங்க" என்று தொடங்கிவிடுவார்.

எனக்கு அவர் பழக்கமானது என் விசிட்டிங் கார்டால். லாரி இன்சூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லி அவருடைய ஆபீசுக்குப் போயிருந்தேன். கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை ஆருங்க டிசைன் பண்ணுனது?"

"நான்தானுங்க்கா" என்றேன், பெருமையாக.

"அதான் பாத்தன். சிங்கம், ரோசாப்பூ, கொடி, உங்க மூஞ்சி. ஒரே மண்டபத்துல நாலு கலியாணம் நடக்குதுங்க. இதுல நான் எந்தக் கலியாணத்துக்கு மொய் வெக்கறது?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறு மாதம் அவருடன் கொச்சியில் ஒரு கண்காட்சிக்குப் போகும் காரில் இருந்தேன். என் மனைவி இன்றுவரை கேட்கிறாள், இன்சூரன்ஸ் விற்கப் போனவரை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று.

அந்தக் கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்க வெள்ளைத் துணி. வேறொன்றும் இல்லை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, "அருமையா இருக்குதுங்க்கா" என்றேன். "என்ன அருமை?" என்றார். யோசித்துவிட்டு, "வெள்ளை" என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தான். பிறகு சொன்னார்: "பயந்துட்டுப் புகழாதீங்க. புடிக்கலீன்னா புடிக்கலீன்னு சொல்லுங்க. ஆனா திட்டறதுக்கு முன்னால ஒரு டீ குடிக்கற நேரமாச்சும் நின்னு பாத்துட்டுத் திட்டுங்க. வரைஞ்சவனுக்கு அந்த மருவாதி போதும்." நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் துணியில் வெள்ளை நூலால் தைத்த கைரேகைகள் தெரியத் தொடங்கின, நூற்றுக்கணக்கில். வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சம்பவம் என்று தெரியும்.

வாங்கும் பொருள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த விதம் வேறு எந்த ஊர் ரசிகருக்கும் வாய்க்காது. வடக்கே சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிகளில், வெங்காயத்துக்கும் பருப்புக்கும் நடுவில், சிற்பங்கள் வந்து இறங்கும். டிரைவர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்று: பொருளைப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் சொல்லாமல் எதையும் துடைக்காதே. பரோடாவிலிருந்து ஒரு தடவை மூன்று கால் நாற்காலி வந்தது. சாய்ந்துகொண்டே விழாமல் நிற்பதுதான் அதன் வித்தை. டிரைவர் பெருமாள் அதை வீட்டில் இறக்கியபோது அதற்கு நான்கு கால்.

"வழியில ஒடைஞ்சு விழுந்துருச்சுன்னு நெனச்சுட்டனுங்க்கா. நீங்க வைவீங்கன்னு ஓசூர்ல நம்மாளு பட்டறையில வெல்டிங் வெச்சுட்டேன். இப்ப லாரியவே மேல நிறுத்தலாம், அசையாது."

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. போட்டோ எடுத்து, செய்தவருக்கு அனுப்பினார். அவர் அங்கிருந்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நாற்காலிக்கு அடியில் தன் பெயருக்குப் பக்கத்தில் பெருமாள் பெயரையும் பொறித்துவிடச் சொன்னார். பொறித்தார்கள். பெருமாள் அதற்குப் பிறகு தன்னை ஆர்ட்டிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததில் அவர் வீட்டில் கொஞ்சம் மனத்தாங்கல் என்று கேள்வி.

பணம் கொடுத்து வாங்குவதோடு அவர் நிற்கவில்லை, யாரும் அறியாதவர்களைக் கண்டுபிடிக்கவும் செய்தார். சேலத்தில் அம்மாபேட்டை வழியாக ஒரு சாயங்காலம் வரும்போது வண்டியை நிறுத்தச் சொன்னார். ஒரு மளிகைக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதில் வரைந்திருந்த ஒரு பெண்ணின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அக்கா நேராகக் கடைக்காரரிடம் போனார்.

"என்னங்கம்மா வேணும்?"

"கடையைச் சாத்துங்க."

"ஏன், என்ன ஆச்சு? எங்கயாவது கலவரமா?"

"இல்லீங்க. படம் பாக்கோணும்."

அவர் குழம்பிப்போய் ஷட்டரை முழுக்க இறக்கினார். உள்ளே சுருண்டிருந்த மீதிப் பெண் வெளியே வந்தாள். நாளெல்லாம் பொட்டலம் மடித்த களைப்பில், கல்லாவின் மேல் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விடும் ஒரு பெண். கடைக்காரரின் மனைவியேதான். அக்கா அங்கேயே நின்றார். கடைக்காரரின் வியாபாரம் போனதுதான் மிச்சம். வரைந்தவள் அடுத்த தெருவில் இருந்த நிவேதா, முப்பது வயது, தறிக்காரர் மகள், யார் கேட்டாலும் சுவரில் வரைந்து கொடுப்பவள். அன்றிலிருந்து அக்காவுக்கு அவள் இன்னொரு மகள். பரோடாக்காரருக்கும் கொச்சிக்காரருக்கும் அவளைப் பற்றிப் போன் போட்டுப் போட்டு, அவள் படங்கள் வெளியூர்ச் சுவர்களில் தொங்கும்படி செய்தது அக்காதான்.

அக்காவுக்கு இரண்டு மனக்குறைகள் இருந்தன. ஒன்று, சொந்தக்காரர்களில் ஒருவர்கூட ஒரு கண்காட்சிக்கும் வந்ததில்லை. "கார் அனுப்பறேன், சாப்பாடு போடறேன்னாலும் வாரதில்லீங்க. கெடா வெட்டுன்னா மட்டும் எனக்கு முந்தி நிக்கறாங்க" என்பார். இன்னொன்று, நம் ஊரில் யாராவது இறந்தால் வைக்கும் கண்ணீர் அஞ்சலி பேனர். உங்களுக்குத் தெரியும்: மேலே ஒரு பெரிய கண், நீண்ட இமை, உருண்டு நிற்கும் ஒரு சொட்டு, கீழே துக்கத்தில் பங்குபெறுவோரின் முகங்கள், வரிசையாக, ஓட்டர் லிஸ்ட் மாதிரி. மோகனூர் முதல் ஆத்தூர் வரை எவர் செத்தாலும் அழுவது அந்த ஒரே கண்தான். "செத்தவங்க வேற வேற, கண்ணு மட்டும் ஒண்ணா? எனக்கு மட்டும் அந்தக் கண்ணை வெச்சீங்கன்னா எந்திரிச்சு வந்துருவன்" என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். நிவேதாவிடம் தன் பேனரை முன்கூட்டியே வரைந்தும் வாங்கிவிட்டார். மஞ்சள் பின்னணி, ஒரு பெரிய படச்சட்டம், அதிலிருந்து தோள்பையோடு வெளியே கிளம்பும் அக்கா. ஒரு கால் சட்டத்துக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. தெரிவது முதுகு மட்டும்.

ஆக, பாதி மீசையுடன் நான் போய் நின்றபோது என் தலையில் இருந்த பொறுப்பு இதுதான். ஆனால் எனக்கு முன்பே அக்காவின் கொழுந்தனார் பொன்னுசாமி ஃபிளெக்ஸ் கடைக்குச் சொல்லிவிட்டார். கோழிப்பண்ணைக்காரர், ஆறடி ஆள், குரலும் ஆறடி. சொந்தக்காரர்களின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள் எல்லாம் அவர் போனில் வந்து குவிந்துகொண்டிருந்தன. நான் நிவேதாவின் படத்தைக் காட்டினேன்.

"இதென்னங்க, முதுகு? மூஞ்சி எங்க?"

"அக்கா இப்பிடித்தானுங்க கேட்டாங்க."

"செரி, எங்க மூஞ்சி எங்கீங்க?"

"அதுக்கு எடமில்லீங்க."

"இன்சூரன்ஸ்காரரே, உங்க மீசையாட்டம் எல்லாத்துலயும் பாதியோட நிறுத்திருவீங்களா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. கவிதா எழுந்து வந்து, "சித்தப்பா, அம்மா சொன்னது இதுதான்" என்றாள். அப்போதுதான் அந்த ஆறடிக் குரல் உடைந்தது.

"ஏஞ்சாமி, எங்கம்மா செத்தப்ப எனக்கு ஏழு வயசு. அண்ணிதான் சோறு போட்டாங்க, தலை சீவி உட்டாங்க. அவிங்களுக்கு வெக்கற பேனர்ல நான் இல்லீன்னா, நான் ஆரு அவிங்களுக்கு?"

சத்தியம் பெரிதா, அந்த மனிதரின் அழுகை பெரிதா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, சேலத்திலிருந்து வந்து ஓரமாக நின்றிருந்த நிவேதா மெல்ல எல்லாருக்கும் பின்னால் போனாள். போனை எடுத்து ஒவ்வொருவரின் முதுகையும் போட்டோ எடுத்தாள். பிறகு காருக்குள் உட்கார்ந்து, போனிலேயே தன் பேனர் படத்தைத் திறந்து வரையத் தொடங்கினாள்.

வெளியே வந்து அவள் காட்டிய படத்தில், படச்சட்டத்துக்கு முன்னால் அக்காவின் மொத்தச் சொந்தமும் முதுகு காட்டி நின்றது. நடுவில் பொன்னுசாமியின் வழுக்கையும் தோள்துண்டும். பக்கத்தில் கவிதாவின் பின்னல். ஓரத்தில் பெருமாள், காதில் சொருகிய பீடியோடு. முன்னே சொன்ன அந்த அம்மாள் எட்டிப் பார்த்துப் பதறினார்.

"ஐயோ சாமி, ஆகாது! எல்லாரும் அவ பின்னாலயே கெளம்பீட்டமாட்டம் இருக்குதே!"

"கிளம்பலைங்கம்மா" என்றாள் நிவேதா. "நின்னு படம் பாக்கறீங்க. கண்காட்சில." சொல்லிக்கொண்டே எல்லாருடைய காலடியிலும் தரையை அழுத்தமாக வரைந்து, முன்னால் தொடக்கூடாது என்று கட்டும் கயிறு ஒன்றையும் வரைந்தாள்.

பொன்னுசாமி நெடுநேரம் பார்த்தார். "எம்பட வழுக்கை பின்னால இத்தனை எறங்கிப்போச்சா?" என்றார். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "செரி, இதையே அடிக்கச் சொல்லு சாமி. நாந்தான் பெருசா இருக்கறன்."

மதியத்துக்குள் பேனர் வந்து தெருமுனையில் நின்றது. அதன் முன்னால் கூடிய கூட்டத்தை நான் மறக்க முடியாது. "இது நம்ம பெரியம்மா கொண்டை." "இல்ல, பெரியம்மாளுக்கு இத்தனை முடியேது?" "அந்தச் செவப்புச் சட்டை உங்க ஊட்டுக்காரருதான், தொப்பைய முன்னாடி மறைச்சிருக்காங்க." என் முதுகைக் கறிக்கடைக்காரர் முதுகு என்று சொல்லிவிட்டார்கள், மறுக்கும் மனநிலையில் நான் இல்லை. ஒரு டீ நேரமல்ல, பாடை கட்டி முடிக்கும்வரை நின்று பார்த்தார்கள். கார் அனுப்பியும் வராத அத்தனை பேரும், தெருவில், வெயிலில், படத்தில் இருந்தபடியே வரிசையாக முதுகு காட்டி.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கதவு தட்டும் தைரியம். கண்ணுக்கு வேடிக்கையாக எது பட்டாலும், யார் வீடென்று பார்க்காமல் உள்ளே போய், "பாத்துட்டுப் போலாங்களா?" என்று கேட்பார் அவர். போன வாரம் பரமத்திப் பக்கம் ஒரு வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை லாரி மாதிரியே கட்டி, ஹெட்லைட்டும் வைத்திருந்தார்கள். தட்டினேன். வரி போட வந்தவன் என்று நினைத்து, "அது மாடி இல்லீங்க, தொட்டிதானுங்க" என்று வீட்டுக்காரர் நடுங்கினார். விஷயம் தெரிந்ததும் மேலே கூட்டிப்போய் ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டினார். பகலிலும் நன்றாகத்தான் எரிந்தது. சந்தோஷமாக வீடு திரும்பினேன்.

இன்னும் ஒரு சின்ன விஷயம். பதினாறாம் நாள் சாப்பாட்டில் நிவேதா எனக்குப் பக்கத்து இலை. கல்லூரியில் படித்தபோது செலவுக்காக ஒரு ஃபிளெக்ஸ் கடையில் வேலை பார்த்தாளாம். மோகனூர் முதல் ஆத்தூர் வரை பேனர்களில் அழுதுகொண்டிருக்கும் அந்தக் கண்ணை முதன்முதலில் வரைந்தது அவள்தானாம். அக்காவிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் சார் இருந்தேன். அந்தக் கண்ணை அவங்க திட்ட ஆரம்பிச்சா, எனக்கு ஒரு டீ குடிக்கற நேரமாச்சும் எங்க குடுத்தாங்க?"