அண்ணை எழுதாத உறுதி

இணுவில் வீட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு நான் நடந்தபோது, உள்ளே அண்ணை செத்த எட்டாம் நாளுக்கு வைத்த எட்டுச் செலவுச் சாப்பாடு முடிந்திருக்கவில்லை. இலைக்கு முன்னால் இருந்தபடியே மாமா சொன்ன வார்த்தைதான் என்னை எழுப்பியது.

"தடுத்து நிண்ட மனிசன் போய்ச் சேர்ந்திட்டார். இனி வேறை நொத்தாரிசைப் பிடிச்சுக் காணி உறுதியை எழுதுங்கோ."

அக்கா தன் இலையைப் பார்த்தபடி சொன்னார்: "இப்ப எழுதினால், அண்ணை சாகட்டும் எண்டு பார்த்திருந்த மாதிரியெல்லோ இருக்கும்?"

நான் கை கழுவிவிட்டு மருதனார்மடச் சந்திப் பக்கம் நடந்தேன். எங்கே போகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நம்பியும் இருக்க மாட்டார்கள்.

அண்ணையின் ஆண்டுத் திவசத்துக்கு வரும் இந்த மலருக்கு எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது, எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "படிச்ச ஆக்கள் எல்லாரும் புகழ்ந்துதான் எழுதியிருக்கினம். நீங்கள் உள்ளதை எழுதுங்கோ, தம்பி" என்றார். உள்ளதை எழுதினால் அக்காவின் கதையும் வரும். அக்கா வாசித்துப் பார்த்தார். ஒரு சொல்லும் வெட்டவில்லை.

அண்ணை பருத்தித்துறைக்குக் கிட்ட, மாரியில் கடல் முற்றத்துக்கு வரும் வீட்டில் பிறந்தார். அப்பா கடற்றொழில் செய்தவர். அண்ணைக்குப் பிறகு அக்கா, கடைசி நான். இடம்பெயர்ந்த இடமெல்லாம் அண்ணை படித்தார். முகாமில் கஞ்சிக்கு வரிசை வந்தால் அவருடைய இடத்தையும் நானே பிடித்து நிற்பேன். அது படிப்பா, வேலைக் கள்ளமா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. படிப்புத்தான். சட்டத்தரணியானார், காணி விற்பனைப் பத்திரமான உறுதிகளை எழுதும் நொத்தாரிசும் ஆனார். நான் அரிசி ஆலை, உப்பளம், லொறி என்று திரிந்தேன். கையில் வேலை இல்லாதபோது இணுவிலுக்கு வருவேன். அண்ணி சோறு போடுவார். அண்ணை சட்டம் கதைப்பார்.

எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கொள்கை. சட்டம் பிழையென்றால் பாராளுமன்றம் மாற்றட்டும், நீதிபதி கதிரையில் இருந்துகொண்டு மாற்றக் கூடாது என்பார். இளம் சட்டத்தரணிகள் அவரைப் பழங்காலத்து ஆள் என்று பின்னால் சிரித்தார்கள்.

"நல்ல மனசுள்ள நீதிபதி இரக்கப்பட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் வளைச்சால் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவர் மாற்றலாகிப் போடுவார். வளைச்ச சட்டம் இஞ்சை கிடக்கும். பிறகு வாறவனுக்கும் நல்ல மனசெண்டு நீ பிணை நிப்பியோ?"

நான் யாருக்கும் பிணை நிற்கிறவன் இல்லை.

அக்காவின் வீடு சண்டைக்காலச் செல்லடியில் இடிந்து போனது. பிள்ளைகளோடு தகரத்துக்குக் கீழேதான் இருந்தார். சீதனக் காணியில் ஒரு துண்டை விற்று வீட்டைக் கட்ட நினைத்தார். எங்கள் பக்கத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி, மணமான பெண் காணி விற்கக் கணவரின் கையெழுத்து வேண்டும். அத்தானோ வேறொரு குடும்பத்தோடு போய்க் கன காலம். அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றே அக்கா ஊருக்குச் சொல்லி வந்தார். கோட்டில் மனுப் போட்டால் கையெழுத்து இல்லாமல் விற்க அனுமதி எடுக்கலாம். அதற்குக் கூண்டில் ஏறி, கணவர் விட்டுவிட்டுப் போனதைச் சனத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். அக்கா மாட்டேன் என்றார். அவர் கண்ட வழி வேறு.

"என்னை விதவை எண்டு எழுதுங்கோ, அண்ணை."

"உயிரோடை இருக்கிறவனை நான் பேனையாலை கொல்லமாட்டன்."

"உறுதியிலை தானே! நான் என்ன, நெத்திப் பொட்டையோ அழிக்கப்போறன்?"

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணை சிரிக்கவில்லை. "நாளைக்கு உன்ரை மனுசன் வந்து நிண்டால், காணி வாங்கினவனுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார்.

மேல் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு அண்ணையின் பெயர் கொழும்புக்குப் போயிருந்ததும் அந்த நாட்களில்தான். சனத்துக்கு அது போதும். கதிரைக்காகத் தங்கச்சியைத் தகரத்துக்குக் கீழே விட்டார் என்றார்கள். பக்கத்துக் காணி அவருடையது, இதையும் மலிவாக எடுக்கப் பார்க்கிறார் என்றார்கள். பக்கத்துக் காணி அவருடையதல்ல. அதை நானே போய் விசாரித்தேன். கதிரையைப் பற்றி விசாரிக்க இடம் இல்லாததால் அவரிடமே கேட்டேன்.

"பதவி வராட்டில் எழுதுவியளோ?"

"வராட்டிலும் எழுதமாட்டன்."

"அதை எப்பிடி நம்புறது?"

"நம்பாதை, தம்பி. என்னையும் நம்பக்கூடாதெண்டுதான் சட்டத்தை எழுதி வைச்சிருக்கினம்."

இணுவிலுக்குக் கிட்ட இருக்கும் திருநெல்வேலியில் மாணவர்களுக்கு அவர் பேசிய கூட்டத்தில் நான் பின்வரிசையில் நின்றேன். ஒரு பிள்ளை எழும்பி, மனைவியின் காணிக்குக் கணவனின் கையெழுத்துக் கேட்பது நியாயமா என்று கேட்டது. "நியாயமில்லை. மாற்றச் சொல்லி எங்கேயும் கேட்பேன். ஆனால் நீதிபதியாக இருந்தால், மாற்றும் வரைக்கும் அதன்படிதான் தீர்ப்புச் சொல்வேன்" என்றார். அக்காவின் நிலையை நினைத்து அவர் குரல் தடுமாறுமா என்று பார்த்தேன். தடுமாறவில்லை. அது உறுதியா, பழக்கமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

கொழும்பிலிருந்து பதில் வர முன்னர், ஒரு காலை கோட்டுக்குப் போக வெளிக்கிட்டு நின்ற அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். பதவி கிடைத்திருந்தால் அவரை அறிந்திருக்கலாம். கிடைக்காமல் போயிருந்தாலும் அறிந்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் போனவரை எதை வைத்து அளப்பது?

அண்ணையைத் தூக்கிச் சென்ற தோள்களுக்கும், பந்தல் போட்ட அயலவர்களுக்கும், சமையலைத் தலையில் போட்டுச் செய்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அவருடைய அலுவலகம் யாருக்கு வரும் என்று பார்க்க வந்தவர்களும் கடைசிவரை நின்றார்கள். அவர்களுக்கும் நன்றி. அக்காவின் உறுதி இப்போது ஒருவரையும் சாகடிக்காமல் எழுதி முடிந்துவிட்டது. கையெழுத்திட்ட அத்தானுக்கும் நன்றி. ஏன் இட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அத்தான் முல்லைத்தீவுக் கரையில் மீனுக்கு ஐஸ் போட்டுப் பெட்டி கட்டும் ஒரு வாடியில் வேலைக்கு நிற்கிறார் என்று லொறிக்காரர் ஒருவர் முன்பு சொல்லியிருந்தார். எட்டுச் செலவன்று இலையை விட்டு எழும்பி மருதனார்மடத்தில் பஸ் ஏறியது அங்கே போகத்தான். வீட்டு வாசலில் போய்க் கையெழுத்துக் கேட்டால் ஓடிவிடுவார். ஒரே இடத்தில் வேலை செய்தால் ஓட முடியாது.

மறுநாள் காலை வாடி முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முந்தி ஐஸ் உடைச்சிருக்கிறீரோ?"

"ஓம்."

"அப்ப அவரோடை சேர்ந்து பெட்டியைப் பிடியும்."

பெட்டியின் மற்றப் பக்கத்தில் நின்றவர் நிமிர்ந்தார். நரைத்திருந்தார்.

"நீயோ? உன்ரை கொண்ணை அனுப்பினவரோ?"

"அண்ணை மோசம் போட்டார், அத்தான். நேற்று எட்டுச் செலவு."

அவர் பிடித்திருந்த பெட்டியை விட்டார். பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அப்ப நீ என்னத்துக்கு வந்தனி?"

"வேலைக்கு" என்றேன். இருவரும் குனிந்து பெட்டியைத் தூக்கினோம்.