டீச் சக்கைச் சாயம்

போடியில் மலைக்குப் போகும் ஜீப்புகள் நிற்கிற இடத்தில் அப்பா டீக்கடை வைத்திருந்தார். ஐம்பதுகளின் நடுவில், நான் நாலாம் வகுப்பு படித்த சமயம். ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் குடித்த டீயின் சக்கையெல்லாம் சாயங்காலம் ஒரு தகர வாளியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அப்பா எதையும் தூக்கி எறியமாட்டார். ஊரில் இதற்குச் சிக்கனம் என்று பெயர். அம்மா தனியாக இருக்கும்போது வேறு பெயர் சொல்வாள்.

அந்த வாளி அத்தையின் பொறுப்பு. அப்பாவின் தங்கை அவள். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில், தோட்டத்து வேலைக்குப் போன மாமா மலைக்காய்ச்சலில் போய்ச் சேர, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். சக்கையைக் கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் தூரில் போடுவாள். மீன் சட்டியில் தேய்த்து வாடையைப் போக்குவாள். மிச்சத்தை வெயிலில் காயவைத்து, பொழுது சாய்கையில் கரி நெருப்பில் தூவிக் கொசு விரட்டுவாள். ரோஜா கொத்துக் கொத்தாகப் பூத்தது. பூவை நானும் அம்மாவும் வைத்துக்கொண்டோம்.

டீ வடிகட்டும் துணிப் பைகளும் துவைக்க அவளிடம்தான் வரும். எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் அந்தப் பழுப்பு போகாது. ஒருநாள் ஒரு பையை வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல நெறம்ல?" என்றாள்.

எனக்கு அது அழுக்குத் துணியாகத்தான் தெரிந்தது.

ஐப்பசியில், அம்மா சிலமலையில் ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போயிருந்த பகலில், அத்தை அண்டாவில் சக்கையைக் கொதிக்கவிட்டாள். அப்பா சவரம் செய்ததும் தடவிக்கொள்ளும் படிகாரக் கல்லில் ஒரு துண்டைத் தட்டி, சாயம் பிடிக்க அதில் போட்டாள். பிறகு தன் வெள்ளைச் சேலை ஒன்றை முக்கினாள். வெளியே எடுத்தபோது அது காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. ஈரச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவின் சவரக் கண்ணாடியில் பார்த்தாள். எனக்குத் தெரிந்து அவள் கண்ணாடி பார்த்தது அன்றுதான்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. என் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"ஒனக்கு எதுக்கு ஆத்தா? ஒனக்குத்தான் கடையில கலர் கலராக் கெடக்கே," என்று சட்டையைத் தள்ளிவிட்டாள். "யார்ட்டயும் சொல்லிறாத."

வேண்டும் என்றதைக் கொடுக்காதவர்கள் மேல் எனக்கு அந்த வயதில் வருத்தம் வராது, கோபம்தான் வரும். அந்தக் கோபத்தைத் தீபாவளி வரை பத்திரமாக வைத்திருந்தேன்.

தீபாவளிக்கு ராசிங்காபுரத்திலிருந்து பெரியப்பா துணிமணியோடு வந்தார். அவர் சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். எனக்குக் கிளிப்பச்சைப் பாவாடை, அம்மாவுக்கு அரக்குச் சேலை, அத்தைக்கு வழக்கம்போல வெள்ளை. ஆனால் குளித்துவிட்டு வந்த அத்தை புதுசைக் கட்டவில்லை. பெரியப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன ஆத்தா இது, சேல நெறமா இருக்கு?"

"கெணத்துத் தண்ணி செம்மண்ணாக் கலங்கிக் கெடக்குண்ணே. தொவைக்கத் தொவைக்க இப்பிடி ஏறிருச்சு."

மழைக்காலம். கிணறு கலங்கித்தான் கிடந்தது. பெரியப்பா மறுபடி இட்லியைப் பிட்டார். அம்மா அவசரமாக அவருக்குச் சட்னி ஊற்றினாள். அத்தோடு போயிருக்கும்.

"இல்ல பெரியப்பா. அத்த டீச் சக்கையக் கொதிக்கவச்சு வேணும்னே முக்குச்சு. நான் பாத்தேன்," என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பிறகு எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லாமல் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். நிற்கவில்லை.

யாரும் சத்தம் போடவில்லை. பெரியப்பா பாதி இலையில் எழுந்து கையைக் கழுவினார். "போயி மாத்திட்டு வா," என்று மட்டும் அத்தையிடம் சொன்னார். பிள்ளை பொய் சொல்லாது என்று மெச்சி என் கை நிறைய அதிரசம் வைத்தார். அம்மா என்னைக் கொல்லைக்கு இழுத்துப்போய்த் தொடையில் கிள்ளினாள். உண்மையைச் சொன்னதற்கு எதற்குக் கிள்ளுகிறாள் என்று புரியாமல், அதிரசத்தைத் தின்றுகொண்டே அழுதேன். மத்தியானம் எல்லோருக்கும் சோறு போட்டது அத்தைதான். புது வெள்ளை மொடமொடவென்றிருந்தது.

சாயச் சேலை வெளுக்கப் போய், உவர்மண்ணில் வேகவைத்தும் நிறம் இறங்காமல் திரும்பி வந்தது. நல்ல துணியை வீணாக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. கடைக்கு வடிகட்டும் பை தைத்துவிடலாம் என்றார். தைக்கச் சொன்னதும் அத்தையிடம்தான்.

அவள் சேலையைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தைத்தாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வயதில் ஒருத்திக்கு ஊசிக்காது தெரியாமல் போனது எனக்கு விசித்திரமாகப் படவே இல்லை.

"எம்மேல கோவமா அத்தே?" என்று கேட்டேன்.

அவள் தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீ என்ன, பொய்யா சொன்ன? நாந்தான ஆத்தா சொன்னேன்."

என்னைப் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த நூலையும் கோத்துக் கொடுத்தேன்.