ஹீட் பம்புக்கு ஒரு குட்டி வீடு

யோருனுக்கு அறுபத்திரண்டு வயதில் காதல் வந்தது. வந்த கையோடு அவள் வீட்டு ஹீட் பம்ப் படுத்துக்கொண்டது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவளுக்கு முதலில் தோன்றவே இல்லை.

யாருக்குத்தான் தோன்றும்? எங்கள் நார்வேயில் ஹீட் பம்ப் இல்லாத வீடு கோயில் இல்லாத ஊர் மாதிரி. உள்ளே சுவரில் ஒரு பெட்டி, வெளியே முற்றத்தில் காற்றாடியோடு ஒரு பெட்டி. வெளிப்பெட்டி குளிர்காற்றை முதுகுப் பக்கமாக இழுத்து, அதில் கிடக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் கறந்து உள்ளே அனுப்பிவிட்டு, சக்கையை முன்பக்கமாகத் துப்பும். பனிக்காற்றில் ஏது சூடு என்று கேட்காதீர்கள். இருக்கிறது. இல்லாவிட்டால் நாங்களெல்லாம் எப்போதோ விறைத்துப் போயிருப்போம்.

யோருன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். மலைகளுக்குள் நுழைந்து கிடக்கும் கடல், ஃபியோர்டு, அதன் ஓரத்து வளைவுச் சாலையில், பனியோ மழையோ, ஒரு பிள்ளைக்குக் கூட முதல் மணி தவறியதில்லை. பனி அள்ளும் வண்டிக்காரன் லேட்டாக வந்தால் கண்ணாடியை இறக்கி அவன் பரம்பரையையே விசாரிப்பாள். எஞ்சின் இருமினால் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு இன்ன வியாதி என்று சொல்லிவிடுவாள். கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். மகன் ஆஸ்திரேலியாவில் வெயிலில் காய்கிறான். பென்ஷன் வாங்கி, தானுண்டு தன் காப்பி உண்டு என்று இருந்தவளுக்கு இந்த இலையுதிர் காலத்தில்தான் கிறுக்குப் பிடித்தது.

எதிர்வீட்டு இங்வால்ட். படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். கல்யாணமே ஆகாதவர். கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம், டிக்கெட்டைப் பார்ப்பாரே தவிர நீட்டுகிறவள் முகத்தைப் பார்க்க மாட்டார். அதற்கும் ஒரு கதை உண்டு. இளவட்டமாக இருந்தபோது ஒரு பெண்ணுக்கு ஆசை ஆசையாகப் பனிச்சறுக்குப் பலகை இழைத்துக் கொடுத்தார். அதில் ஏறி இறங்கியவள் பாதி மலையில் பலகை முறிந்து, புதருக்குள் தலைகீழாகப் போனாள். எழுந்தவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள். ஊர் சிரித்த சிரிப்பில் மனிதர் அதற்குப் பிறகு பெண்கள் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

அப்படிப்பட்டவர் அக்டோபரில், யோருனின் முற்றத்தில் விழுந்த பிர்ச் மரத்தை அறுத்துக் கொடுத்தார். அவள் வாஃபிளும் பழுப்புச் சீஸும் கொடுத்தாள். மறுநாள் தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தார். அதற்கு மறுநாள் தட்டில் ஏதோ கறை மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வந்தார். அதற்குப் பிறகு காரணம் தேடுவதையே விட்டுவிட்டார். யோருனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்குப் போய் உப்பு வாங்க மறந்து உதட்டுச்சாயம் வாங்கி வந்தாள்.

நவம்பரில் இங்வால்ட் ஒரு காரியம் செய்தார். எங்கள் ஊரில் ஹீட் பம்பின் வெளிப்பெட்டியை முற்றத்தில் அம்மணமாக நிற்க விடுவது அழகில்லை. கையில் சுத்தி பிடிக்கத் தெரிந்த எவரும் மரச்சட்டத்தில் ஒரு கூடு அடித்து மூடிவிடுவார்கள். இங்வால்ட் கூடு அடிக்கவில்லை, வீடே கட்டினார். யோருனின் வீட்டைப் போலவே சிவப்புப் பலகை, வெள்ளை ஓரம் வைத்த ஜன்னல், ஜன்னலில் தூரிகையால் வரைந்த லேஸ் திரை, கூரையில் உண்மையான புல். அவள் வீட்டு எண் பதினான்கு, இதற்குப் பதினான்கு ‘அ’ என்று எழுதி மாட்டினார். முன்பக்கம் சன்னமான பட்டிகளை வரிசையாக அடித்து, ஊசி நுழைய இடமில்லாமல் இழைத்திருந்தார். துடைக்க வேண்டும் என்றால் கொண்டியை நீக்கி அந்த முன்பலகையைக் கழற்றிக்கொள்ளலாம்.

ஊரே வந்து பார்த்துப் போனது. பக்கத்து வீட்டு ஹெர்போர்க், யோருனின் சின்ன வயதுத் தோழி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏண்டி, உலகத்துல ஆம்பளைங்க மோதிரம் குடுப்பாங்க. உன் ஆளு வீடே கட்டிக் குடுத்திருக்காரு. அதுவும் மெஷினுக்கு!”

“போடி பொறாமை புடிச்சவளே. உன் வீட்டுக்காரரு உனக்கு ஒரு பறவைக்கூடாவது செஞ்சு குடுத்தாரா?”

அந்தப் பூரிப்பிலேயே யோருன் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாப்பாட்டுக்கு இங்வால்டைக் கூப்பிட்டாள். அந்த ஒரு வேளை மட்டும் சொந்த ரத்தத்தைத் தவிர யாரையும் யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இங்வால்ட் காது சிவந்து, “வரேங்க” என்றார். இரண்டு முறை சொன்னார்.

வீடு குளிர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் யோருன் ரிமோட்டைச் சந்தேகித்தாள். சூரியன் படம் இருந்தது, இருபத்திரண்டில் நின்றது. அதில் கோளாறில்லை. உள்பெட்டியைத் திறந்து ஃபில்டரை உருவிக் குழாயில் அலசினாள். பூனை இல்லாத வீட்டில் ஒரு பூனை அளவுக்கு அழுக்கு வந்தது. மாட்டினாள். அப்போதும் பெட்டி வெதுவெதுப்பாக ஒரு மூச்சு விடும், பிறகு வாயை மூடிக்கொள்ளும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு மூச்சு. கம்பெனிக்குப் போன் போட்டால் புத்தாண்டு கழித்துத்தான் ஆள் வருமாம். விறகடுப்பை மூட்டலாம் என்றால், புகைபோக்கியில் வெடிப்பு என்று சோதனைக்காரர் நெருப்பே கூடாதென்று சொல்லிப் போயிருந்தார். பழைய மின்சார ஹீட்டர்களை, பம்ப் வந்த தெம்பில், அவளே தூக்கித் தானம் கொடுத்துவிட்டிருந்தாள். வீட்டில் சூடாக இருந்தது, அடியில் மின்கம்பி ஓடுகிற குளியலறைத் தரை ஒன்றுதான்.

“பேசாம விருந்தைப் பாத்ரூம்ல வெச்சிடு. மனுஷன் அசந்து போயிடுவாரு” என்றாள் ஹெர்போர்க்.

“வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?”

யோருன் விடவில்லை. பஸ்ஸைக் கேட்டது போலவே கேட்டாள். வெளியே போய்க் குட்டி வீட்டின் மேல் காதை வைத்தாள். உள்ளே காற்றாடி திணறிச் சுற்றியது. கொண்டியை நீக்கி முன்பலகையைக் கழற்றினாள். எட்டிப் பார்த்தால் பெட்டியின் முதுகு முழுக்கப் பனிக்கட்டி அப்பிக் கிடந்தது. அதை உருக்கிக்கொள்வதற்காகத்தான் பெட்டி அடிக்கடி உள்ளே ஊதுவதை நிறுத்தியிருக்கிறது! சரி, கொஞ்சம் உருகட்டும் என்று பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காப்பி போடப் போனாள். காப்பி குடித்து முடிப்பதற்குள் வீடு கதகதவென்று ஆகிவிட்டது. சந்தோஷத்தில் ஓடிப்போய்ப் பலகையை மாட்டினாள். மத்தியானத்துக்குள் மறுபடி மூக்கு நுனி சில்லிட்டது. கழற்றினாள், சூடு. மாட்டினாள், குளிர்.

அவளுக்கு விளங்கிவிட்டது. பெட்டி துப்புகிற குளிர்காற்று அந்த நெருக்கமான பட்டிகளில் முட்டி, வெளியே போக வழியில்லாமல் திரும்பிச் சுற்றி முதுகுக்கே வருகிறது. துப்பியதையே விழுங்கினால் யாருக்குத்தான் உடம்பு தேறும்? இங்வால்ட் ஆசையாகக் கட்டிய வீடுதான் வியாதி.

“சொல்லிட வேண்டியதுதானே?” என்றாள் ஹெர்போர்க்.

“எப்படிடி சொல்றது? ஒரு பலகை முறிஞ்சதுக்கே அந்த மனுஷன் ஆயுசுல பாதியை ஒளிஞ்சு கழிச்சாரு. இப்ப நான் போய், உங்க வீடு என் பம்பைக் கொல்லுதுன்னு சொன்னா, எதிர்வீட்டு ஜன்னல் மூடினது மூடினதுதான். நான் விறைச்சே செத்தாலும் பரவால்ல.”

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவள் ஒரு கண்ணாமூச்சி ஆட்டம் ஆரம்பித்தாள். இங்வால்ட் கண்ணில் படாத நேரமெல்லாம் பலகை கழன்றிருக்கும். அவர் கதவு கிரீச்சென்றால் யோருன் சமையலறையிலிருந்து பறந்து வந்து மாட்டிவிடுவாள். ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தவள் துண்டைச் சுற்றிக்கொண்டு பனியில் ஓடினாள். அவர் ஒவ்வொரு முறையும் வந்து புல்கூரையைத் தட்டிக் கொடுத்து, “குட்டி வீடு சௌக்கியமா?” என்று கேட்பார்.

“ராஜா மாதிரி இருக்கு!” என்பாள் யோருன், பின்பக்கம் கையைக் கட்டி மூச்சிரைப்பை அடக்கிக்கொண்டு.

விருந்து நாள் வந்தது. காலையிலிருந்து பலகையைக் கழற்றி வைத்து வீட்டை நன்றாகச் சூடேற்றினாள். உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலா பிர்ச் குச்சிகளின் மேல் ஆவியில் வெந்துகொண்டிருந்தது. கிழங்கை வெண்ணெய் போட்டு மசித்தாள். கம்பளி போட்டால் மூட்டை மாதிரி இருக்குமென்று, புதிதாக வாங்கிய மெல்லிய பச்சைப் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். ஐந்து மணிக்குத் தேவாலய மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பலகையை மாட்டினாள். இங்வால்ட் வந்து சேர்ந்தார். அவரும் கம்பளியைத் தவிர்த்துவிட்டு, வெயில் காலத்துக் கோட்டும் டையுமாக வந்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே புத்தி.

முதல் சுற்று வரை எல்லாம் நன்றாகவே போனது. உருளைக்கிழங்கை இரண்டாம் முறை பரிமாறும்போது சுவர்ப்பெட்டி வாயை மூடிக்கொண்டது.

“குளிருதா உங்களுக்கு?” என்றாள் யோருன்.

“சேச்சே. உங்களுக்கு?”

“எனக்கா? வேர்க்குது!”

இரண்டு பேர் பல்லும் தந்தி அடித்தன. சாஸில் ஆடை கட்டியது. “மசிச்ச கிழங்கு இன்னும் கொஞ்சம் வெளிய ஆற வெச்சிருக்கேன்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு யோருன் முற்றத்துக்கு நழுவினாள். கொண்டியை நீக்கி இழுத்தாள். பலகை அசையவில்லை. பகலெல்லாம் உருகி வடிந்த தண்ணீர் பலகையைச் சட்டத்தோடு உறைய வைத்துவிட்டது. நகத்தால் சுரண்டினாள், முட்டியால் இடித்தாள். பாழாய்ப்போன பலகை! வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கிழங்கு எங்கே என்று அவர் கேட்கவில்லை.

அவர் கரண்டியைத் தட்டில் சேர்த்து வைத்தார். எழுந்தார்.

“ரொம்ப நல்ல சாப்பாடு. நான் கெளம்பறேங்க.”

“என்னது? இன்னும் இனிப்பே வைக்கலையே!”

“இல்லீங்க, எனக்குப் புரியுது.” வாசலில் குனிந்து பூட்ஸைத் தேடிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார். “இந்த ஊர்ல யாரும் விருந்தாளிய வாய் விட்டுப் போன்னு சொல்றதில்ல. ஹீட்டரைக் குறைச்சிடுவாங்க. எங்க சித்தப்பாவுக்கு நானே அப்படிப் பண்ணியிருக்கேன். நீங்க கூப்பிட்டது அவசரத்துல கூப்பிட்டுட்டீங்க போல. பரவால்ல. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

யோருனுக்குப் பனி வண்டிக்காரனைத் திட்டுகிற அந்தப் பழைய குரல் எங்கிருந்தோ வந்தது.

“அட மக்கு மனுஷா! பூட்ஸைக் கீழ போடும்!”

கொட்டகைக்கு ஓடினாள். கடப்பாரையோடு வந்தாள். பட்டுச் சட்டையும் வீட்டுச் செருப்புமாக, முழங்கால் பனியில் நின்று, குட்டி வீட்டின் முகத்தில் கடப்பாரையைச் செருகி ஒரு நெம்பு நெம்பினாள். பட்டிகள் படபடவென்று பறந்தன. பதினான்கு ‘அ’ ஹெர்போர்க்கின் வேலிக்குப் போய் விழுந்தது.

“அழகான வீடு! கொள்ளை அழகு! இந்த ஊர்லயே இப்படி ஒண்ணு கெடையாது!” ஒவ்வொரு நெம்புக்கும் ஒரு கூச்சல். “ஆனா இதுக்கு மூச்சு முட்டுது! விட்ட மூச்சையே திரும்ப இழுக்குது! உங்களைப் போகச் சொல்ல நான் குறைக்கல, நீங்க கட்டின வீடு குறைச்சிருச்சு!”

கடைசிப் பட்டியும் போனது. கையில் கடப்பாரையோடு நின்றாள். ஐயோ, சொல்லியாகிவிட்டதே! புதருக்குள் விழுந்த அந்தப் பெண்ணை நினைத்தாள். இப்போது இவர் திரும்பிப் பார்க்காமல் நடந்து போவார், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இங்வால்ட் ஒரு பூட்ஸ் போட்டும் ஒன்று போடாமலும் வந்து பெட்டியின் முன் கையை நீட்டினார். குளிர்காற்று விரல்களில் அடித்தது. குனிந்து உள்ளே கிடந்த பனிக்கட்டியைப் பார்த்தார்.

“எப்பலேர்ந்து இப்படி?”

“நீங்க கட்டினதுக்கு அப்புறம்தான்.”

“அப்ப இத்தனை நாளும் நீங்க...”

“ஆமா. கழட்டி கழட்டி மாட்டினேன். ஒரு நாள் துண்டோட.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தை, நேராக. “பலகை முறிஞ்சதும் அவ நடந்தே போயிட்டா” என்றார். “நீங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்து வெறைச்சிருக்கீங்க. என் பலகைக்காக!”

பிறகு சிரித்தார். எங்கள் ஊர்க்காரர் எவரும் அதுவரை கேட்டிராத சிரிப்பு. குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வர. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. அவள் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி மிச்சமிருந்த பக்கச் சுவரை அவரே பெயர்த்தார், ஜன்னலையும் லேஸ் திரையையும் சேர்த்து. ஹெர்போர்க் தன் ஜன்னலைத் திறந்து, “ஏய், கல்யாணத்துக்கு முன்னாடியே வீட்டை இடிக்கிறீங்களா?” என்று கத்தினாள்.

வெளிப்பெட்டி ஆவி விட்டு, தண்ணீர் சொட்டி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்துச் சுற்ற ஆரம்பித்தது. உள்ளே சுவர்ப்பெட்டி வாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

யோருன் நனைந்த செருப்போடு வாசற்படியில் நின்று, இவர் இனி எந்தப் பக்கம் போவார் என்று தெரியாமல் எதிர்வீட்டைப் பார்த்தாள். இங்வால்ட் அவளைத் தாண்டி உள்ளே போனார். போட்டிருந்த ஒரு பூட்ஸையும் கழற்றி, அவளுடையதன் பக்கத்தில் வைத்தார். சுவர்ப்பெட்டிக்குக் கீழே நின்று கையைக் காட்டிப் பார்த்தார். திரும்பினார்.

“அங்க என்ன வேடிக்கை? உள்ள வந்து கதவைச் சாத்துங்க” என்றார். “நம்ம வீட்டுச் சூடெல்லாம் வெளிய போகுது.”