ஒன்பதில் வைத்த கண்ணாடி

துவக்கே இல்லாதவன் துவக்கில் மாட்டிக் குறிபார்க்கும் கண்ணாடி வாங்கி வந்த கதையை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளையா அந்திப் பஸ்ஸில் இறங்கித் தனியாக மலை ஏறி வருகிறது?

என் மகள் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் ஹட்டனில் டியூஷன். அது முடிந்து மஸ்கெலியா பஸ் பிடித்து எங்கள் தோட்டச் சந்தியில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிடும். மழையில் ரோடு அரித்துப் போனதிலிருந்து கொழுந்து லொறியைத் தவிர வேறு வண்டி மேலே வருவதில்லை. தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில்தான் அவள் ஏறி வர வேண்டும். அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். நானோ ஃபெக்டரியில் விழுந்து முழங்காலில் தகடு வைத்துக்கொண்டவன். குழாயடிவரை போய் வருவதே பெரும்பாடு. பள்ளத்தில் இறங்கிப் பிள்ளையைக் கூட்டி வர என்னால் ஆகாது.

பாதைக்கு மேலே ஒரு கரும்பாறை இருக்கிறது. அந்தப் பக்கம் புலி நடமாட்டம் என்று பேச்சு. புத்தகத்தில் சிறுத்தை என்று போட்டிருக்கும். எங்கள் வாயில் அது புலிதான். அடுத்த வீட்டு நாய் காணாமல் போன பிறகு வனவிலங்கு அதிகாரிகள் வந்து கால்தடத்தைப் படம் எடுத்தார்கள். "பய வென்ன எப்பா", பயப்பட வேண்டாம் என்று சிங்களத்தில் தைரியம் சொன்னார்கள். ஜீப்பில் போகிறவருக்கு என்ன பயம்? சுட்டால் ஜெயில் என்றும் எச்சரித்தார்கள். எனக்குச் சுடுகிற எண்ணமே இல்லை. அது பாறையில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். இருந்தால், பஸ்ஸை விட்டு இறங்கியவளைப் போனில் பிடித்து, சந்திக் கடையிலேயே நிற்கச் சொல்லலாம். பாதையில் ஏறிவிட்டால் சிக்னல் இல்லை, போன் எடுக்காது.

ஹட்டனில் டோர்ச்சும் பூட்டும் விற்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர், குரங்கு விரட்டும் எயார் ரைபிளில் மாட்டும் ஸ்கோப் கண்ணாடியும் வைத்திருந்தார். முழங்காலைக் காட்டும் கிளினிக் நாளில் கொழுந்து லொறியில் தொற்றிக்கொண்டு போனேன்.

"மொதலாளி, பொழுது சாஞ்ச பொறகு புலி பாக்குற மாதிரி ஒரு ஸ்கோப் வேணுங்க."

அவர் கடை வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "மெல்லமா பேசுங்க. தமிழாளு வந்து துவக்குக் கண்ணாடி கேக்குறீங்க, அதுவும் புலிக்குங்கிறீங்க. பொலிஸ் என்னையும் சேத்து அள்ளிட்டுப் போகும். சிறுத்தைன்னு சொல்லுங்க."

"சிறுத்தை," என்றேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. இருவரும் சிரித்தோம். ஆனாலும் நானும் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று இருபத்து நான்கு மடங்கு பெரிதாகக் காட்டும் என்றார். நான் அதைத்தான் பாய்ந்து எடுத்தேன். பின்கதவைத் திறந்து எதிர்மலையைப் பார்க்கச் சொன்னார். தூறல் நாள். எல்லாம் பெரிதாகத்தான் தெரிந்தது, ஆனால் ஒரே மங்கல்.

"பெருசாக்கப் பெருசாக்க வெளிச்சம் கொறையும். அந்திக்கு அது சரிவராது. இத எடுங்க, முன்கண்ணாடி அகலம். மூணுல இருந்து ஒம்பது வரைக்கும் திருப்பலாம்."

மூன்றில் மலை முழுவதும் பளிச்சென்று இருந்தது. ஒன்பதுக்குத் திருப்பினேன். கொழுந்து பறிக்கிற பெண்ணின் தலைத்துண்டில் இருந்த பூவே தெரிந்தது.

"மூணுலயே வச்சுக்கிருங்க," என்றார். தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒன்பதில் வைத்தேன். மீசையைப் பார்த்தால்தான் புலி என்று நம்புவேன் போலிருந்தது எனக்கு.

"பொண்ணே பாக்காம தாலி வாங்கிட்டீங்களேண்ணே," என்றான் அடுத்த வீட்டுக்காரன்.

டியூஷன் நாட்களில் வாசலில் நாற்காலியைப் போட்டு, மதிலில் சாக்கை மடித்து, அதன்மேல் ஸ்கோப்பை வைத்துப் பாறையைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. போனில் "வா" என்பேன். "சரிப்பா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

அன்றைக்கும் "வா" என்றேன். கீழ் வளைவில் அவளுடைய வெள்ளை யூனிஃபோம் தெரிந்தது. சும்மா ஒரு தரம் பாறைப் பக்கம் திருப்பினேன். இருந்தது. படுத்தபடி தலையைத் தூக்கிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காது அசைந்தது கூடத் தெரிந்தது.

போன் எடுக்கவில்லை. கத்தினேன், காற்று அந்தப் பக்கம் போகவில்லை. பிள்ளையைத் தேடினால் கண்ணாடி நிறைய தேயிலைச் செடிதான். ஒன்பதில் லேசாக அசைத்தாலும் ஒரு மலையே தாண்டிப் போனது. அவளைக் கண்டுபிடித்தேன், புலியை விட்டேன். புலியைப் பிடித்தேன், பிள்ளை எங்கே என்று தெரியவில்லை. மறுபடி பாறைக்கு வந்தால் பாறை வெறுமையாக இருந்தது. எழுந்து ஓடப் பார்த்தேன். முழங்கால் மடிந்து, அங்கேயே விழுந்து அழுதேன்.

"என்னப்பா, ஏன் கீழ ஒக்காந்திருக்கீங்க?"

வந்துவிட்டாள். "புலி..." என்றேன்.

பையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். "பாறையிலதானே? நா ஏற ஆரம்பிச்ச பொறகுதான் அது அங்க வரும். பாத்துக்கிட்டே இருக்கும். நா ஓடாம, மெதுவா வந்துருவேன்."

"எத்தன நாளா?"

"டியூஷன் சேந்ததுல இருந்து. சொன்னா படிப்ப நிறுத்திருவீங்கன்னுதான் சொல்லல."

போகாதே என்று எப்படிச் சொல்வது? பரீட்சை பக்கத்தில் வந்துவிட்டது. போ என்று எந்த அப்பன் சொல்வான்? அன்றிரவு குவைத்திலிருந்து அவள் அம்மா போன் எடுத்தாள். "புள்ள வந்துட்டாளா?" என்றாள். "வந்துட்டா," என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். அங்கே வெயில் எப்படி என்று பேச்சை மாற்றினேன்.

அடுத்த டியூஷன் நாளில் சந்தியிலிருந்து பேசினாள். "அப்பா, வரட்டுமா?"

ஸ்கோப்பின் வளையத்தை மூன்றுக்குத் திருப்பினேன். பாறையும் பாதையும் ஒரே வட்டத்துக்குள் சின்னதாகத் தெரிந்தன.

"வா," என்றேன்.