துளை அடைத்த மரக்குழல்

பழைய சாமான் கடை வைத்திருக்கிற சகபாவிகளே, விற்காத பொருள்கூடப் பரவாயில்லை, என்னவென்றே தெரியாத பொருள்தான் நம் உயிரை வாங்கும்.

என்னதான் இது?

காரைக்காலில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கழித்துக்கட்டிய மூட்டையில் அது வந்தது. ஒரு சாண்கூட இருக்காது, கடைசல் மரம். ஒரு முனை ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருக்கும், மறுமுனை தட்டை வட்டம், நடுவே நெடுகத் துளை. புனலா, நாகஸ்வரத்தின் குட்டியா? வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுத் தொல்லை பண்ணினேன். கயிறு தேடி வந்த திருவேட்டக்குடி மீனவர் ஊதிப் பார்த்தார், வெறும் காற்றுதான் வந்தது. "இது என்னன்னு தெரியலைண்ணே. உங்களுக்கு வேலை இல்லைங்கறது மட்டும் நல்லாத் தெரியுது" என்றார்.

லாட்ஜ்காரர் கண்டுபிடித்தார்

திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்துகிறவர் நாற்காலி வாங்க வந்தார். அதை எடுத்து இப்படியும் அப்படியும் கவிழ்த்தார். "அட, விளக்குத் தண்டுங்க! சனிக்கிழமை எள் விளக்கு வைக்க அம்சமா இருக்கும். எண்ணெய் ஒழுகாம இந்தத் துளையை மட்டும் அடைச்சுட்டாப் போதும்." மண்டைக் குடைச்சல் தீர்ந்ததே என்று கொடுத்தனுப்பினேன். போகும்போது, "எதுக்கும் ஒரு கண்ணு வேணுங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

சொந்தக்காரர் வந்தார்

அப்புறம் ஒருநாள் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் மூச்சிரைக்க வந்தார். அந்த மூட்டை அவர் வீட்டுடையது, அவருக்குத் தெரியாமல் போட்டது மகன். அவர் தேடியது அதைத்தான். கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிற குழலாம். மருமகளுக்கு ஏழாம் மாசம், ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடும். "ஊர்ப் புள்ளைங்க துடிப்பையெல்லாம் கேட்டேன் தம்பி. என் பேரப்புள்ளைக்கு ஒரு தடவை கேட்க வேணாமா?" என்றார்.

ஐயோ என்றிருந்தது. உடனே திருநள்ளாற்றுக்கு வண்டியை விட்டேன். லாட்ஜ்காரர் நல்ல மனிதர், விஷயத்தைச் சொன்னதும் விளக்கை இறக்கிவைத்துவிட்டுத் தண்டை நீட்டினார். துளையில் வெள்ளைச் சிமெண்ட் கல்லாக இறுகிக் கிடந்தது. கொடுத்தபிறகுதான் அவர் முகம் மாறியது. "சனீஸ்வரனுக்கு விளக்கு எரிஞ்சதுங்க இது. மாசமா இருக்கற பொண்ணுகிட்டயா கொண்டுபோறீங்க?"

வளைகாப்புக்கு முதல்நாள்

தச்சரிடம் கொடுத்துச் சிமெண்டைக் குடைந்தெடுக்கச் சொன்னேன். பாதியில் மரம் பிளந்துவிட்டது. எந்த முகத்தோடு போவது? போனேன். நர்ஸம்மா திட்டியிருந்தாலாவது தேவலை. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார், அவ்வளவுதான். வயிற்றில் காதை வைத்தே கேட்கலாமே அம்மா என்று உளறினேன். "இது கையில இருந்தா நான் நர்ஸு தம்பி, மருமவ தானா வந்து படுத்துக்கும். இல்லேன்னா வெறும் மாமியார்தானே, அது கூச்சப்படாதா?"

இப்போதெல்லாம் என்னவென்று தெரியாத சாமானைக் கண்டு நான் பயப்படுவதில்லை, அதை இன்னதென்று அடித்துச் சொல்கிறவரைக் கண்டால்தான் கடையைச் சாத்திவிடலாமா என்று தோன்றுகிறது.