குறுக்கே பேசுவது என்றால் என்ன

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மதியம், நூலகத்தின் மேல்மாடியில் மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடுவார்கள். முப்பது நாற்பது பேர் வருவார்கள். யாராவது ஒருவர் தான் எழுதியதைத் திரையில் காட்டுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். ஏழு வருடமாக ஒரு கூட்டம் தவறாமல் போய் வந்தவளை எல்லோரும் டெஸ்டர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு.

கூட்டத்துக்கு நடத்தை விதி என்று ஒரே ஒரு வரி இருந்தது. 'அனைவரும் மரியாதையுடன் நடந்துகொள்ளவும்.' அதைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள். கூட்டம் நடக்கும்போது கதவு சுவரோடு திறந்து கிடக்கும் என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை.

அந்த ஒரு வரி போதாது என்று ஒரு மருந்துக்கடைப் பெண் வந்தபோது தெரிந்தது. காலாவதியாகப்போகும் மருந்துகளை முன்கூட்டியே சொல்லும் செயலி ஒன்றைத் தானே எழுதி, முதல் முறையாகப் பேச வந்திருந்தாள். நான்கு நிமிடத்தில் ஐந்து முறை குறுக்கே புகுந்தார் அரைப்புள்ளி. அடுத்தவர் நிரலில் விட்டுப்போன அரைப்புள்ளியைக் கடைசி வரிசையில் உட்கார்ந்தே கண்டுபிடிப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். ஆறாவது முறை, "இதை நீங்களே எழுதினீங்களா, வீட்டுல யாராவது எழுதிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அவள் மடிக்கணினியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அடுத்த மாதம் வரவில்லை.

"விதியைத் திருத்தணும்" என்றாள் டெஸ்டர் அக்கா.

அமைப்பாளர் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். "நல்ல யோசனை. நீங்களே எழுதிடுங்க" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

இரண்டு பக்கம் எழுதி, எல்லோரும் கருத்துச் சொல்லட்டும் என்று இணையத்தில் போட்டாள். புதன்கிழமைக்குள் நூற்றுப் பன்னிரண்டு கருத்துகள் வந்தன, பாதிக்கு மேல் அரைப்புள்ளி எழுதியவை. குறுக்கே பேசுவது என்றால் என்ன? பேசுகிறவர் தண்ணீர் குடிக்கும்போது பேசினால் அது குறுக்கேயா? தும்மினால்? 'கூடாது' என்பது கடுமையாக இருக்கிறது, 'தவிர்க்கலாம்' என்று போடுங்கள் என்றார் ஒருவர். 'தவிர்க்கலாம்' என்றால் தவிர்க்காமலும் இருக்கலாமே என்றார் இன்னொருவர். அந்த இருவருக்குள்ளேயே முப்பது வரிச் சண்டை. மருந்துக்கடைப் பெண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு விளக்கம் சேர்த்துச் சேர்த்து, இரண்டு மாதத்தில் விதி பதினான்கு பக்கம் ஆனது.

"இன்னுமா முடியல?" என்றார் கணவர், துணி மடித்துக்கொண்டே.

"தும்மல்ல வந்து நிக்குது."

மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் நாத்தனார் அன்றைக்கு வீட்டில் இருந்தாள். பதினான்கு பக்கத்தையும் வாங்கிப் படித்தாள்.

"அண்ணி, ஒருத்தர் என்னை அசிங்கமா பேசிட்டார்னு வச்சுக்கோங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்லணும்?"

டெஸ்டர் அக்கா பக்கங்களைப் புரட்டினாள். அது எங்குமே இல்லை.

"எங்க வார்டுல யாராவது கத்தினா யாரைக் கூப்பிடணும்னு சுவத்துல எழுதியிருக்கும். கத்தறதுன்னா என்னன்னு எழுதியிருக்காது" என்றாள் நாத்தனார்.

பதினைந்து வருடமாக ஓட்டை தேடுகிறவளுக்கு இது கண்ணில் படவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. பதினான்கு பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு ஆறு வரி எழுதினாள். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கேள்வி வேலையைப் பற்றியதாக இருக்கட்டும், ஆளைப் பற்றி வேண்டாம். புகாரை இரண்டு பேரிடம் சொல்லலாம், ஒருவர் கூட்டத்துக்கு வழக்கமாக வரும் கல்லூரி விரிவுரையாளர் அம்மா, இன்னொருவர் டெஸ்டர் அக்கா. ஒரு வாரத்துக்குள் இரண்டு தரப்பையும் கேட்பார்கள். புகார் அவர்களில் ஒருவர் மீதே என்றால் அவர் விலகிக்கொள்வார், அமைப்பாளர் அந்த இடத்தில் உட்காருவார். முடிவைப் புகார் சொன்னவருக்கு எழுதித் தர வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தாள். மூன்றாவது வரியில் அரைப்புள்ளி எழுந்தார். "தும்மல் பத்தி நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல."

"முடிச்சிடறேன், இருங்க."

"இல்ல, அடிப்படையே தெளிவா இல்லாம..."

"வாயை மூடிட்டு உக்காருங்க" என்றாள் அவள். "உங்களுக்குப் புள்ளியை எண்ண மட்டும்தான் தெரியும். எதிர்ல நிக்கறது மனுஷின்னு தெரியாது."

அரைப்புள்ளி உட்கார்ந்தார். அமைப்பாளர் அவசர அவசரமாகக் கை தூக்கச் சொன்னார். விதி நிறைவேறியது.

அன்று மாலையே முதல் புகார் வந்தது. அனுப்பியவர் அரைப்புள்ளி, புகார் அவள் மீது.

அமைப்பாளர் போனில் அழைத்தார். "நீங்க பேசினது விதி நிறைவேறுறதுக்கு முன்னாடி. செல்லாதுன்னு சொல்லிடலாம்."

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முதல் புகாரையே இப்படித் தட்டிக்கழித்தால் ஆறு வரியையும் பழையபடி கதவுக்குப் பின்னாலேயே ஒட்டிவிடலாம். "விசாரிங்க. நான் விலகிக்கறேன்" என்றாள்.

நூலகத்தின் கீழறையில் விரிவுரையாளர் அம்மாவும் அமைப்பாளரும் உட்கார்ந்து கேட்டார்கள். அரைப்புள்ளி மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அத்தனை பேர் முன்னாடி வாயை மூடுன்னாங்க. வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கல."

"மருந்துக்கடைப் பொண்ணுக்கு மட்டும் அன்னைக்கு இறங்கியிருக்குமா?" என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த டெஸ்டர் அக்கா.

"அது வேற புகார், அக்கா" என்றார் விரிவுரையாளர் அம்மா. "அவங்க குடுத்தா விசாரிப்போம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் விதியை எழுதியதே அவள்தான். அவர் முகம் வாடியிருந்ததும் பொய்யில்லை. "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க" என்றாள். அடுத்த மாதம் எல்லோர் முன்னாலும் அதையே சொல்ல வேண்டும் என்று முடிவானது, சொன்னாள். அரைப்புள்ளி தலையசைத்தார். பதிலுக்கு அவர் எதற்கும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

மருந்துக்கடைக்கு அவளே நேரில் போனாள். கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி அந்தப் பெண் ஆறு வரியையும் படித்தாள்.

"நல்லாயிருக்குக்கா. புகார் குடுக்கணுமான்னு யோசிக்கறேன். ஆனா கூட்டத்துக்கு உடனே வர்றதா சொல்ல முடியாது. தோணினா வர்றேன்."

மூன்று மாத உழைப்புக்கு இவ்வளவுதானா என்று டெஸ்டர் அக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டினார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.